வியாக்கியானமும் பயனும்



சென்ற இதழை அச்சுக்குக் கொடுக்கும் வேளையில், எமது ஆங்கிலப் பக்கத்தைக் கவனிக்கும் அன்பர் ஒரு சந்தேகம் கேட்டார். கந்தபுராண படன அறிவித்தலில் "பாராயணமும் வியாக்கியானமும் நடைபெறும்" என்று தமிழில் போட்டிருந்தோம். ஆங்கிலத்தில் இதற்கு என்ன போடுவது? "கொமென்றரி" என்று போட்டால் பிள்ளைகள் கிரிக்கெற் ஆட்டம் என்று நினைத்துவிடுவார்கள் என்றார். "லெக்சர்" என்று போட்டால் ஒருவரும் வரமாட்டார்கள் என்றார் பக்கத்தில் இருந்தவர். கடைசியில் இரண்டையும் விட்டு, மதிய அன்னதானம் உண்டு என்பதை மாத்திரம் பெரிய எழுத்தில் போட்டு அனுப்பினோம். வந்தவர் தொகை குறையவில்லை. என்றாலும் அந்தக் கேள்வி எம்மை விட்டபாடில்லை. வியாக்கியானம் என்றால் என்ன என்று நாமே சரியாக அறிந்திருக்கிறோமா?

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். வடமொழியில் "க்யா" என்பது அறியச் செய்தல், சொல்லுதல் என்னும் பொருள் தரும் வேர். அதற்கு முன் "வி", "ஆ" என்னும் இரண்டு முன்னொட்டுகள் சேர்ந்து "வ்யாக்யானம்" ஆயிற்று. விரித்து, முற்றாக அறியச் செய்தல் என்பது கருத்து. இதே வேரிலிருந்து பிறந்ததுதான் புகழைக் குறிக்கும் கியாதி. எண்ணிக்கையைக் குறிக்கும் சங்கியையும் அதன் உடன்பிறப்பே. கணக்கெழுதிப் பிழைக்கும் எமக்கு இதை அறிந்தபோது ஒரு சின்ன மகிழ்ச்சி. எண்ணிச் சொல்வதும் விரித்துச் சொல்வதும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்! பாடியம் என்னும் சொல்லோ பேசுதல் என்னும் பொருளுடைய "பாஷ்" என்னும் வேரிலிருந்து வந்தது. பாஷை என்பதும் அதுவே.

நம் தமிழ்ச் சொற்கள் இன்னும் வீட்டுக்குக் கிட்ட நிற்பவை. உரை என்றால் சொல். பொன்னை உரைத்துப் பார்க்கும் கல்லும் உரைகல்தான். விளக்கம் என்பதில் விளக்கு இருக்கிறது. பல் விளக்குதல், பாத்திரம் விளக்குதல் என்பதும் இருக்கிறது. சாம்பலும் புளியும் போட்டு அம்மா தேய்த்த பித்தளைச் செம்பு பளபளப்பது புதிதாகப் பூசிய நிறத்தால் அல்ல. ஏற்கெனவே உள்ளே இருந்த நிறம் வெளிப்பட்டதால். உரைகாரர் செய்யும் வேலையும் அதுவே என்று நாம் கருதுகிறோம்.

வடமொழியாளர் வியாக்கியானத்துக்கு ஐந்து இலக்கணம் சொல்வர்: சொற்களைப் பிரித்தல், சொற்பொருள் கூறல், தொகைகளை விரித்தல், வாக்கியத்தைக் கூட்டி முடித்தல், எழும் தடைகளுக்கு விடை கூறல். நன்னூலில் பவணந்தி முனிவர் உரைக்குப் பதினான்கு கூறுகள் வகுத்தார். அவற்றுள் வினாவும் விடையும் தனித்தனியே இடம்பெறுகின்றன. விரிவு என்பதும் ஒன்று. பயன் என்பதும் ஒன்று. கேள்வி கேட்பவனையும் உரையின் உள்ளே உட்கார வைத்திருக்கிறார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வருவோம்.

பிரிட்ஜ்வாட்டர் வேங்கடேசுவரர் கோயிலுக்குப் போய்வரும் எம் வைணவ நண்பர்கள், "வியாக்கியானம் எங்கள் வீட்டுச் சொல்லல்லவா?" என்று உரிமை கொண்டாடுவார்கள். மறுக்க முடியாது. திருவாய்மொழி ஒன்றுக்கே ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்து நாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி என ஐந்து வியாக்கியானங்கள் வைத்திருக்கிறார்கள். படி என்பது முப்பத்திரண்டு எழுத்துக் கொண்ட அளவு. முப்பத்தாறாயிரத்தை முப்பத்திரண்டால் பெருக்கினால் 11 இலட்சத்து 52 ஆயிரம் எழுத்து. திருவாய்மொழிப் பாசுரங்கள் 1,102. ஆகப் பாசுரம் ஒன்றுக்குச் சராசரி 1,045 எழுத்தளவு உரை. (கல்குலேற்றரைக் கண்டால் எமது கை சும்மா இராது; பொறுத்தருள்க.) உரையின் அளவையே உரையின் பெயராக வைத்தவர்கள் உலகில் வேறு யாரும் இருக்கிறார்களா தெரியாது. நஞ்சீயர் தம் ஒன்பதினாயிரப்படியைச் செம்மையாகப் பிரதி செய்து வரும்படி நம்பூர் வரதராசரிடம் கொடுத்தாராம். அவர் காவிரியைக் கடக்கையில் வெள்ளம் ஏட்டைக் கொண்டுபோய்விட்டது. ஊருக்குப் போய், ஆசிரியர் வாயால் கேட்டதை நினைவிலிருந்தே முழுதும் எழுதினார். சில இடங்களில் தாம் உணர்ந்த நயங்களையும் சேர்த்தார். அதைக் கண்ட நஞ்சீயர் மனம் குளிர்ந்து "நம் பிள்ளை" என்று தழுவிக்கொண்டார். அதுவே அவர் பெயராயிற்று என்பது குருபரம்பரைச் செய்தி. 1981ஆம் ஆண்டு மே மாதக் கடைசி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் எரிந்து சாம்பலானதை அறிந்த எம்மவருக்கு இந்தக் காவிரிக் கதை வேறுவிதமாகக் கேட்கும்.

இனி நம் ஆலவாய்ப் பெருமானின் கதைக்கு வருவோம். இதை இறையனார் களவியலுரையே தன் வரலாறாகச் சொல்கிறது.

பாண்டி நாட்டில் பன்னிரண்டு ஆண்டு பஞ்சம் வந்தது. அரசன் அறிஞர்களை எல்லாம் அழைத்து, "இனி உங்களைக் காக்க என்னால் இயலாது, உங்களுக்குத் தோன்றிய இடங்களுக்குப் போய்ப் பிழைத்து, நாடு நாடான பின் என்னை நினைத்து வாருங்கள்" என்னும் கருத்துப்பட விடைகொடுத்தான். எல்லாரும் சிதறிப் போனார்கள். பன்னிரண்டு ஆண்டு கழிந்து மழை பெய்தது. அரசன் எல்லாத் திசைக்கும் ஆள் போக்கினான். எழுத்ததிகாரம் வல்லவர் வந்தனர். சொல்லதிகாரம் வல்லவர் வந்தனர். யாப்பு அறிந்தவரும் வந்தனர். பொருளதிகாரம் வல்லார் ஒருவரும் அகப்படவில்லை. எழுத்தையும் சொல்லையும் ஆராய்வது பொருளுக்காகத்தானே, பொருள் கிடையாதாயின் மற்றவை கிடைத்தும் கிடையாதவைதானே என்று அரசன் கலங்கினான்.

அன்பர்களே, இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் நாம் புத்தகத்தை மூடி வைத்துவிடுவதுண்டு. சிதறிப் போனவர்களிடம் எழுத்து மிஞ்சும், சொல் மிஞ்சும், முதலில் தொலைவது பொருள். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் எம் பிள்ளைகள் அ, ஆ எழுதுகிறார்கள். தேவாரத்தைப் பண்ணோடு பாடிப் பரிசும் வாங்குகிறார்கள். பாடியதன் பொருள் என்ன என்று கேட்டால் எம்மைப் பார்க்கிறார்கள். நாம் குருக்களைப் பார்க்கிறோம். குருக்களுக்கு அடுத்த அபிடேகத்துக்கு நேரமாகிவிடுகிறது.

அரசன் கவலையைக் கண்ட சொக்கநாதர் அறுபது சூத்திரங்களைத் தாமே செய்து, மூன்று செப்பேட்டில் எழுதித் தம் பீடத்தின் கீழ் இட்டாராம். வழக்கமாகப் பீடத்தின் அடியைத் துடைக்காத அருச்சகர் அன்றைக்குத் துடைத்தார், ஏடுகள் கிடைத்தன. (கோயில் துப்புரவுப் பணிக்கு வருகிற தொண்டர்கள் கவனிக்க.) நூல் கிடைத்துவிட்டது, ஆண்டவன் செய்த நூல். கதை அங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஆண்டவனே எழுதினாலும் உரை வேண்டியிருந்தது! சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் ஆளுக்கொரு உரை கண்டார்கள். எது மெய்யுரை என்று தீர்ப்பது யார்?

அதற்கும் இறைவனே வழிகாட்டினான். உப்பூரிகுடிகிழாரின் மகன் உருத்திரசன்மன், ஐந்து வயது, வாய் பேசாத பிள்ளை, குமாரசுவாமியின் அம்சம். அவனை அழைத்து வந்து வெள்ளை உடுத்தி, வெண்பூச் சூட்டி, சங்கப் பலகையில் ஏற்றி இருத்தினார்கள். பெரும் புலவர்கள் கீழே இருந்து ஒவ்வொருவராகத் தத்தம் உரையை வாசித்தார்கள். பிள்ளை சும்மா கேட்டுக்கொண்டிருந்தான். மருதனிளநாகனார் உரைத்தபோது இடையிடையே மெய்ம்மயிர் சிலிர்த்தது. நக்கீரனார் உரைத்தபோது பதந்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் நிமிர்ந்தது. இதுவே மெய்யுரை என்று எல்லாரும் ஆரவாரித்தார்கள். பிறகு அந்த உரை எழுதப்படாமல் ஆசிரியர் மாணாக்கர் வழியாகப் பத்துத் தலைமுறை வாய்மொழியாகவே வந்தது என்பர். புலவர்களின் உரைக்குச் சான்றிதழ் கொடுத்தவன் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது எமக்கு மிகவும் பிடித்த செய்தி.

யாழ்ப்பாணத்தில் வியாக்கியானம் என்ற சொல் கோயில் வாசலுக்குள் அதிகம் வந்ததில்லை. நாம் கேட்டு வளர்ந்த சொல் "பயன்". புராண படனம் என்றால் ஒருவர் வாசிப்பார், மற்றவர் பயன் சொல்வார். வாசிப்பவர் செய்யுளைச் சந்தி பிரித்து, இராகத்தோடு, அடி அடியாக விடுவார்; பயன் சொல்பவர் அதை வாங்கி விரிப்பார். நன்னூலார் சொன்ன பதினான்கில் ஒன்று முழு உரைக்கும் பெயராகி நின்றதோ என்று தோன்றுகிறது. எமது ஊரில் பயன் சொன்னவர் ஓய்வுபெற்ற ஒரு சட்டம்பியார். கச்சியப்ப சிவாசாரியாரின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களில் முதற் சொல்லுக்கே அவர் ஒரு மாலைப் பொழுது எடுப்பார். திகழ் என்பதும் தச என்பதும் சேர்ந்து "திகட" ஆன புணர்ச்சியைச் சொல்லி, அதற்கு எந்த இலக்கணத்தில் விதி இருக்கிறது என்று தடை எழுப்பியவனுடைய கதையையும் சொல்லி, பத்துக் கரங்களையும் ஒவ்வொன்றாக எங்கள் முன் நீட்டிக் காட்டுவார். நாங்கள் கடலைக்கும் அவலுக்கும் காத்திருந்த பொடியன்கள். என்றாலும் காது திறந்துதான் இருந்தது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்துப் பண்பாட்டைக் கந்தபுராண கலாசாரம் என்று சொன்னது இத்தகைய மாலைகளை நினைந்துதான் என்போம். ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் தொடங்கிய பிரசங்கம் வேறு வகை. அதில் ஒருவரே நின்று பேசுவார். படனத்துக்கு இருவர் வேண்டும். மூலத்தை விட்டுப் பயன் சொல்பவர் அலைந்தால் வாசிப்பவர் அடுத்த அடியை எடுத்து அவரை இழுத்துவிடுவார். நல்ல தணிக்கை முறை!

இத்தனை வியாக்கியானம் கேட்டு வளர்ந்த நாம், இந்த நாட்டுக்கு வந்தபோது ஒரு சின்னப் பெட்டியின் முன் வாயடைத்து நின்றோம். அடைக்கலம் கோருவோருக்கான ஐ-589 படிவத்தை நிரப்பியவர்கள் நம்முள் சிலர் இருக்கிறீர்கள். அதில் கேள்விக்குக் கேள்வி, ஆம் என்றால் விரிவாக விளக்கும்படி கேட்டிருக்கும். எவன் செய்தான், எப்போது, ஏன் என்று நினைக்கிறீர்? நாம் இரண்டு வரி எழுதினோம். நடந்ததை எல்லாம் அந்த இரண்டு வரியில் அடக்கிவிட்டதாக எண்ணம். வழக்கறிஞர் அம்மையார் படித்துப் பார்த்துவிட்டு, "இது சூத்திரம் மாதிரி இருக்கிறது, விரித்துச் சொல்லுங்கள்" என்னும் கருத்தில் ஏதோ சொன்னார். விரிக்க விரிக்க எமக்குக் கை நடுங்கியது. விரிப்பது என்றால் திரும்பவும் அந்த வீட்டுக்குள் போவது என்று அதுவரை நாம் அறிந்திருக்கவில்லை.

விசாரணை நாளில் இன்னொன்று நடந்தது. நாம் "ஐயா" என்றால் தகப்பனார். "சின்னையா" என்றால் தகப்பனாரின் தம்பி. மொழிபெயர்க்க வந்தவர் தமிழர்தான். ஆனால் எம்மூர் வழக்கு அவருக்குப் பழக்கமில்லை. சின்னையாவை ஓரிடத்தில் தகப்பன் என்றார். வேறோரிடத்தில் சின்னத்துரை என்கிற மாதிரி எதையோ சொன்னார். அதிகாரி தாளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "உமது தகப்பனார் 1990இல் இறந்ததாகச் சொல்கிறீர். பிறகு 1995 ஒக்டோபரில் அவரோடு இடம்பெயர்ந்ததாகவும் சொல்கிறீர். எது உண்மை?" என்று கேட்டார். இரண்டும் உண்மை. ஆனால் அந்த அறையில் இரண்டும் உண்மையாவதற்கு ஒரு சொல்லுக்குப் பயன் சொல்ல ஆள் இல்லை. எமக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை, பல்கலைக்கழகத்தில் படித்தோம். அந்த நேரத்தில் நா எழவில்லை. பிற்பாடு அம்மையார் யாழ்ப்பாணத்து உறவுமுறைப் பெயர்கள் பற்றி ஒரு பக்க விளக்கம் எழுதி இணைத்தார். பெரியையா, சின்னையா, குஞ்சியம்மா, ஆசையம்மா எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. மாதங்கள் கழித்து முடிவு எமக்குச் சாதகமாக வந்தது. அந்த ஒரு பக்கத்தை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறோம். எமக்குத் தெரிந்த மிகச் சிறந்த வியாக்கியானம் அது. அதை எழுதியவருக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது.

ஆகையால், "சும்மா வியாக்கியானம் பண்ணாதேங்கோ" என்று ஒருவர் மற்றவரை மடக்கும்போது எமக்குச் சற்றே வருத்தமாக இருக்கும். இந்தச் சொல் எப்படி இந்த நிலைக்கு வந்தது? குற்றம் சொல்லின் மேல் அல்ல. ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து இட்ட மறுநாளே ஆளுக்கொரு வியாக்கியானம் கொடுத்த அரசியல்வாதிகளை நாம் பார்த்திருக்கிறோம். எமது தொழிலிலும் உண்டு. நிதியறிக்கையின் இறுதியில் குறிப்புகள் என்று பல பக்கம் இணைப்பார்கள். எண்கள் சூத்திரம், குறிப்புகள் உரை. நல்ல கணக்காளர் குறிப்புகளைத்தான் முதலில் படிப்பார். டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில் 2001 டிசம்பரில் திவாலான என்ரான் கம்பனியும் குறிப்பு எழுதாமல் விடவில்லை. தன்னோடு சம்பந்தப்பட்ட தரப்புகளுடன் நடந்த கொடுக்கல் வாங்கல் பற்றி எழுதித்தான் இருந்தது. தொழில் அறிந்தவர் படித்தும் விளங்காத விதமாக எழுதியிருந்தது. அங்கே பாத்திரம் விளக்கப்படவில்லை, கரிதான் பூசப்பட்டது. நாற்பதே வரியிலான சிவஞானபோதத்துக்குச் சிவஞான முனிவர் பெருநூலாக மாபாடியம் செய்தார். அதுவும் விரிவுதான். விரிவு குற்றமாகாது. விரிக்க விரிக்க மூலம் கிட்ட வருகிறதா, எட்டப் போகிறதா என்பதே பார்க்க வேண்டியது.

முன்னே கேள்வி கேட்பவனைப் பற்றிச் சொன்னோமல்லவா? சென்ற ஆண்டு கந்தசஷ்டிக்கு மண்டபத்தில் சூரசங்காரப் பயன் நடந்தபோது, பின்வரிசையில் ஒரு சிறுவன் எழுந்தான். சூரன் மாமரமாகி நின்றதும், வேல் இரு கூறாக்கியதும், அவை மயிலும் சேவலுமாகி ஊர்தியும் கொடியும் ஆனதும் சொல்லி, இது கொலையல்ல, மறக்கருணை, ஆட்கொள்ளல் என்று பெரியவர் முடித்திருந்தார். சிறுவன் பாதி ஆங்கிலத்திலும் பாதித் தமிழிலும் கேட்டான்: "சூரன் மயில் ஆகிட்டார், சரி. அவரோட வந்த மற்ற ஆக்கள் எல்லாம் என்ன ஆனவை?"

மண்டபத்தில் சத்தம் இல்லை. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அங்கிருந்த முதியவர்களுள் எத்தனை பேருக்கு எந்தக் கடற்கரை நினைவுக்கு வந்ததோ நாம் அறியோம். தகப்பனார் பிள்ளையின் கையைப் பிடித்து இருத்தினார். பிறகு பிரசாதம் வந்துவிட்டது.

அதன்பின் நாம் புராணத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். சூரனுடைய மக்களுள் இரணியன் என்று ஒருவன் வருகிறான். போருக்கு வந்து, எல்லாரும் மடியப் போகிறார்கள் என்று கண்டு, தந்தைக்கு இறுதிக் கடன் செய்ய ஒருவனாவது மிஞ்ச வேண்டும் என்று எண்ணி, மீன் வடிவாகிக் கடலுள் புகுந்து தப்பினான். எமது ஊர்ச் சட்டம்பியார் அந்தப் படலத்தை அதிகம் விரித்ததாக நினைவில்லை. பிள்ளைகளாகிய நாங்களும் கேட்கவில்லை. கச்சியப்பர் அவனைக் கோழை என்று தள்ளிவிடவில்லை. தனிப் படலமே தந்திருக்கிறார். அந்தப் பிள்ளையின் கேள்விக்கு இது முழு விடையாகாது. ஆனால் கேள்வி வைத்த இடத்தின் பக்கத்திலாவது இது நிற்கிறது.

இவ்வாண்டு சஷ்டி மூன்றாம் நாள் மாலை இரணியன் யுத்தப் படலத்தை வாசிப்பதாகப் பெரியவர் இசைந்திருக்கிறார். வாசிப்பு ஒருவர், பயன் ஒருவர், ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல ஒருவர் என மூவர் இருப்பர். மண்டபத்தில் கதிரை அடுக்குபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அந்தச் சிறுவனின் குடும்பத்துக்கு இம்முறை முன்வரிசையில் இடம் வையுங்கள். அன்னதானம் வழமைபோல் உண்டு.

திருச்சிற்றம்பலம்.